மலைப் பட்டா நிலத்தில் கத்தி வைக்கும் முன்: நீலகிரியில் நிலம் வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் புதிதாக நிலம் வாங்கியவர் முதலில் செய்ய நினைப்பது, புதரை வெட்டி இடத்தைச் சுத்தம் பண்ணுவதைத்தான். பத்திரம் பதிந்தாயிற்று, பட்டாவும் பெயர் மாறிவிட்டது, இனி யாரைக் கேட்க வேண்டும் என்று தோன்றும். பட்டா, நிலம் யாருடையது என்பதை மட்டும்தான் சொல்லும். அதில் நிற்கும் மரத்தை வெட்டலாமா, புல்வெளியை உழலாமா, வேலி போடலாமா என்பதையெல்லாம் வேறு சட்டங்கள் முடிவு செய்கின்றன. அந்தச் சட்டங்களுக்கு நிலம் யாருடையது என்பதைவிட, அதில் என்ன நிற்கிறது, அது எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம்.

இந்தக் கேள்வி இந்தியா முழுவதற்கும் எழுந்ததே நீலகிரியிலிருந்துதான். கூடலூர்ப் பகுதியில் கேரளத்தின் நிலம்பூர் அரச குடும்பத்துக்கு (கோவிலகம்) சொந்தமாயிருந்த ஜென்ம நிலக் காடுகள், அதாவது பரம்பரை உடைமையான நிலத்துக் காடுகள், அழிவதை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, ‘காடு’ என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், அது அரசு நிலமா தனியார் நிலமா என்று பார்க்கத் தேவையில்லை என்றது. அதே உத்தரவில் தமிழ்நாட்டுக்கென்று தனிப் பகுதியும் உண்டு: காட்டுப் பகுதிகளில் மரம் வெட்டத் தடை, தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களைக் காட்டை அழித்து விரிவாக்கத் தடை, தோட்டத்து நிழல் மரங்களில் நட்டு வளர்த்தவற்றை மட்டுமே, அதுவும் அரசு அமைத்த குழுவின் மேற்பார்வையில் வெட்ட அனுமதி. தானாக முளைத்த மரமா, நட்ட மரமா என்ற கேள்வியை வனத்துறை இன்றும் கேட்பது இதனால்தான்.

கீழே உள்ளவை நீலகிரி மாவட்டத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கொடைக்கானல், ஏற்காடு போன்ற மற்ற மலைப்பகுதிகளிலும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: நிலம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கத்தியை எடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: பட்டா, சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேட்டுப் பகுதி, புல வரைபடம், வில்லங்கச் சான்று. இவற்றில் பெரும்பாலானவை இணையத்திலேயே கிடைக்கும். ஆனால் வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்பது, நிலத்தின் மேல் வனச் சட்டக் கட்டுப்பாடு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. அந்தக் கட்டுப்பாடுகள் சார்பதிவாளர் அலுவலகப் பதிவில் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான்.

ஆகவே சர்வே எண்களை எழுதி, ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் ஒரே கடிதத்தை இரண்டு நகல்களாகக் கொடுங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் என்றால் கூடலூர் வனக் கோட்டம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்றால் நீலகிரி வனக் கோட்டம். மசினகுடிப் பக்கம் என்றால் முதுமலை புலிகள் காப்பக அலுவலகம். கடிதத்தில் பொதுவாக ‘நிலத்தின் தன்மை என்ன’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கீழ்க்கண்டவற்றைத் தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.

இந்தச் சர்வே எண் 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காடு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறதா? தொடர்ச்சியாக 2 ஹெக்டேருக்கு மேற்பட்ட தனியார் காட்டை மாவட்டக் குழு இப்படி அறிவிக்கலாம். அறிவிக்கப்பட்ட காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டக் கூடாது. காட்டை வெறுமையாக்கும் எந்தச் செயலும் கூடாது. அனுமதியின்றி விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோகூட முடியாது. மீறிச் செய்த விற்பனை செல்லாது. அதாவது நீங்கள் வாங்கியதே செல்லாமல் போகலாம். முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. பெரிய காட்டைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றிருந்தால், உங்கள் துண்டு அரை ஏக்கராக இருந்தாலும், தாய்ச் சர்வே எண் அறிவிப்பில் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

இது ஜென்ம நிலமா? கூடலூர், பந்தலூரில் இந்தக் கேள்வி தவிர்க்க முடியாதது. 1969ஆம் ஆண்டுக் கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தில் 17ஆம் பிரிவுக்குள் வரும், தோட்டப் பயிருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த நிலங்களை ஊரில் ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்பார்கள். அனுபவத்தில் இருப்பதும் உரிமை இருப்பதும் அங்கே வேறு வேறு. அப்படிப்பட்ட நிலத்தை யார் என்ன தாளைக் காட்டி விற்றாலும், அதில் புதர் வெட்டுவதற்குக்கூட நீங்கள் அனுமதி கேட்கும் தகுதியுள்ளவரா என்பதே முதலில் தீர வேண்டும்.

தமிழ்நாடு வனச் சட்டம் 1882இன் 4ஆம் பிரிவில் காப்புக்காடாக்கும் அறிவிப்பு ஏதும் உண்டா? அறிவிப்பு வந்த நாளிலிருந்தே, இறுதி முடிவு வரும்வரை அங்கே புதிதாகத் திருத்திப் பயிர் செய்யக் கூடாது.

யானை வழித்தடம், புலிகள் காப்பகத்தின் வெளிமண்டலம், சூழல் கூருணர்வு மண்டலம், மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் (HACA) கிராமப் பட்டியல் இவற்றில் இந்த எண் வருகிறதா? சீகூர்ப் பீடபூமியில், அதாவது மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம், மாவனல்லா பக்கம், யானை வழித்தடத்தை அரசு 2010 ஆகஸ்டில் அறிவித்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்கத் தனிக் குழுவும் அமைக்கப்பட்டது. அந்த வரைபடத்துக்குள் உங்கள் சர்வே எண் இருந்தால், முள்காட்டைத் திருத்தும் யோசனையை அப்படியே நிறுத்திவையுங்கள். சீகூரின் முள்காடு பார்வைக்கு வறண்ட புதராகத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் பாதை அது.

பதில் எழுத்தில் வரும்வரை காத்திருங்கள். ‘ரேஞ்சர் வாய்மொழியாகச் சரி என்றார்’ என்பது பிறகு எங்கும் நிற்காது. ரேஞ்சரும் மாற்றலாகிப் போய்விடுவார்.

இரண்டாம் படி: நிலத்தை நடந்து பாருங்கள்

இதற்கு ஒரு முழுக் காலை வேண்டும். உடன் அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவர் இருப்பது நல்லது. பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் சமூகத்தவர் யாராவது கூட வந்தால், உங்கள் கண்ணுக்கு வெறும் பச்சையாகத் தெரிவதில் அவர்கள் இருபது வித்தியாசம் காட்டுவார்கள். அந்த வேலைக்கு உரிய கூலியைக் கொடுங்கள். புல வரைபடத்தின் நகலில் கீழ்க்கண்டவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோலை: மலை மடிப்புகளில், ஓடையை ஒட்டி, குட்டையாக, கிளைகளில் பாசியும் ஆர்க்கிடும் படர்ந்து நிற்கும் நாட்டு மரக் கூட்டம். அரை ஏக்கர் சோலையாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். சோலை மரங்கள் மிக மெதுவாக வளர்பவை; வெட்டிவிட்டால் உங்கள் காலத்தில் திரும்பாது. கோடையில் உங்கள் ஊற்று வற்றாமலிருப்பதும் அதனால்தான்.

புல்வெளி: மேல்மலையில் மரமே இல்லாத சரிவைப் பார்த்து ‘காலி நிலம்’ என்று நினைப்பது பெரும் பிழை. வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் மரம் வெட்டுவதோடு நிற்பதில்லை, மலைநிலத்தில் பயிர் செய்வதையும் ஒழுங்குபடுத்துகிறது. இதுவரை உழாத புல்வெளியை உழுவதற்கும் அனுமதி வேண்டும்.

சதுப்பும் வயலும்: கூடலூர்ப் பக்கம் தாழ்வான ஈரநிலங்களை வாய்க்கால் வெட்டி வடிக்காதீர்கள். யானை, காட்டெருமை, மான் எல்லாம் கோடையில் இறங்குவது அங்கேதான்.

நட்ட மரங்கள்: சில்வர் ஓக், கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை மரம் (வாட்டில்). சில்வர் ஓக் வரிசையாக நிற்கும்; தானாக முளைத்த நாட்டு மரம் வரிசையில் நிற்காது. இரண்டையும் வெவ்வேறு நிறத்தில் குறியுங்கள். அன்னிய மரம் என்பதால் அனுமதி வேண்டாம் என்று தரகர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். மலைப்பகுதிச் சட்டத்துக்கு அதுவும் மரம்தான். அனுமதி எளிதில் கிடைக்கும், அவ்வளவே.

ஈட்டி (ரோஸ்வுட்), சந்தனம், தேக்கு, வேங்கை: இவற்றில் ஒன்று நின்றாலும் தனியாகக் குறித்து, படம் எடுத்து, ரேஞ்சருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத இரவில் திருடர் வெட்டிக்கொண்டு போனால், முன்பே தெரிவித்த கடிதம்தான் உங்களைக் காப்பாற்றும். சந்தனம் பட்டா நிலத்தில் நின்றாலும் சொந்தமாக வெட்டக் கூடாது; வனத்துறை வழியாகவே வெட்ட வேண்டும்.

பிறகு விலங்குகளின் தடம். யானை லத்தி, மரத்தில் உரசிய சேறு, தேய்ந்த ஒற்றைத் தடம், புலி அல்லது சிறுத்தையின் நகக் கீறல், மலை அணிலின் கூடு, மரப்பொந்து. பொந்துள்ள மரத்தைக் கண்டால் அரை மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். இருவாச்சியின் பெண் பறவை பொந்துக்குள் நுழைந்து வாயிலைப் பூசி அடைத்துக்கொண்டு அடைகாக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல்தான் தெரியும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டுவதைப் பார்த்தால்தான் கூடு என்று புரியும். பட்டுப்போன மரம்தானே என்று வெட்டுகிறவர்கள் இப்படிப்பட்ட கூட்டையே வீழ்த்துகிறார்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் ‘வேட்டை’ என்பதற்கான விளக்கத்துக்குள், பறவையின் முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவதும் கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி தேவையில்லை, கோடரியே போதும். யானை, காட்டெருமை, நீலகிரிக் கருமந்தி, சிங்கவால் குரங்கு, பெரிய இருவாச்சி எல்லாம் முதல் அட்டவணையில் உள்ளவை. 2022 திருத்தத்துக்குப் பிறகு, முதல் அட்டவணை உயிரினம் சார்ந்த வேட்டைக் குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

மூன்றாம் படி: மரப் பட்டியலும் விண்ணப்பமும்

வெட்ட வேண்டிய மரங்களை மட்டும் தேர்ந்தெடுத்த பிறகு பட்டியல் தயாரியுங்கள். விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் பட்டியல் சரியில்லாததால்தான். ஆகவே இதில் நேரம் செலவிடுங்கள்.

மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நாலரை அடியில், நாடா வைத்து அளக்க வேண்டும். சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்று அளந்தால் நாடா தாழ்ந்து சுற்றளவு கூடிவிடும், ஆய்வுக்கு வருபவரின் அளவோடு ஒத்துப்போகாது. நாலரை அடிக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்த மரத்தை இரண்டு மரமாகக் கணக்கெடுங்கள். மரத்தில் ஒட்டியிருக்கும் பாசியையும் கொடியையும் விலக்கிவிட்டு நாடாவைச் சுற்றுங்கள்.

ஒவ்வொரு மரத்துக்கும் பெயிண்டில் இரண்டு இடத்தில் எண் எழுதுங்கள்: ஒன்று மார்பளவு உயரத்தில், இன்னொன்று தரையை ஒட்டி, வெட்டு விழும் இடத்துக்குக் கீழே. மேலுள்ள எண் தடியோடு போய்விடும்; கீழுள்ள எண் அடிமரத்தில் நிற்கும். வெட்டி முடிந்தபின் சோதனைக்கு வருகிறவர்கள் அடிமரங்களைத்தான் எண்ணுவார்கள். எண் இல்லாத அடிமரம் ஒவ்வொன்றும் உங்கள் மேல் ஒரு வழக்கு.

பட்டியலில் வரிசை எண், மரத்தின் பெயர், சுற்றளவு, நட்டதா தானாக முளைத்ததா, உயிருள்ளதா பட்டதா, வெட்டக் காரணம் என ஆறு கட்டங்கள் போதும். காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள். ‘தோட்ட மேம்பாடு’ என்று எழுதினால் கேள்வி வரும். ‘வீட்டிலிருந்து 6 மீட்டர் தூரத்தில் கூரைப் பக்கம் சாய்ந்து நிற்கிறது’ என்று எழுதினால் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். கூடவே, வெட்டாமல் விடப்போகும் மரங்களின் எண்ணிக்கையையும் ஓடையோரம் விடும் பட்டையையும் வரைபடத்தில் காட்டுங்கள்.

விண்ணப்பத்தோடு நில ஆவண நகல்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற அனுபவச் சான்று, நான்கு எல்லைகளும் தெரியும் படங்கள், கூட்டுப் பட்டாவானால் மற்றப் பங்குதாரர்களின் கையெழுத்திட்ட சம்மதம் எல்லாம் இருக்க வேண்டும். கூட்டுப் பட்டாவில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டுக் கொடுத்த விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடக்கும். மாவட்ட வன அலுவலகத்தில் கொடுத்து, ஏற்பு முத்திரையும் தேதியும் உள்ள நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ரேஞ்சர் நேரில் வந்து அறிக்கை கொடுப்பார்; பிறகு மாவட்டக் குழுவின் முன் போகும். ஆய்வு நாளில் கட்டாயம் நீங்களே நிலத்தில் இருங்கள், தரகரை அனுப்பாதீர்கள்.

வீடு கட்டவோ மனை பிரிக்கவோ நினைப்பவர்கள் ஒரு வரிசையை மாற்றவே கூடாது: கட்டட அனுமதி முதலில், மரம் பிறகு. முதலில் வெட்டிச் சமப்படுத்திவிட்டால், அனுமதி கேட்கும்போது அந்த வெட்டே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். ஜேசிபி போன்ற மண் அள்ளும் இயந்திரத்துக்கு நீலகிரியில் தனி அனுமதி தேவை. அனுமதியில்லாமல் இறக்கினால் வண்டியைப் பறிமுதல் செய்வார்கள். வாடகைக்கு விட்டவர் தன் வண்டி போனதற்கு உங்களிடம்தான் வருவார்.

நான்காம் படி: உத்தரவு வந்த பிறகு

உத்தரவைக் கடைசி வரி வரை படியுங்கள். எத்தனை மரம், எந்த எண்கள், எந்தத் தேதிக்குள், எத்தனை கன்று நட வேண்டும் என்று இருக்கும். காலக்கெடு முடிந்தபின் வெட்டுவது அனுமதியில்லாமல் வெட்டுவதற்குச் சமம்.

எப்போது வெட்டுவது என்பது மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. ஜனவரி முதல் மே வரை இரண்டு பக்கமும் பருவமழை இல்லை, ஆனால் அதுதான் பெரும்பாலான பறவைகள் கூடு கட்டும் காலம், காட்டுத்தீக் காலமும் அதுவே. ஆகவே மேற்குப் பக்கத்துக்கு மழை ஓய்ந்த அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரையும், கிழக்குப் பக்கத்துக்கு மழை குறைவான ஜூலை, ஆகஸ்டும் ஏற்றவை. மழை நடுவில் சரிவில் வேரோடு பிடுங்குவது மிக ஆபத்து. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கங்களில் மண்சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. மரத்தை வெட்டுங்கள், வேரை விட்டுவிடுங்கள்; வேர் மட்கும்வரை மண்ணைப் பிடித்திருக்கும், அதற்குள் புதுக்கன்று வேர் ஊன்றிவிடும். கற்பூர மரம் வெட்டிய அடியிலிருந்து துளிர்க்கும். அந்தத் துளிரை மாதம் ஒருமுறை ஒடித்துக்கொண்டே வந்தால் அடி சோர்ந்துபோகும்.

மர வியாபாரியோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். பட்டியலிலுள்ள எண்களைத் தவிர ஒரு மரமும் தொடக் கூடாது, நாட்டு மரத்தின் மேல் தடியைச் சாய்க்கக் கூடாது, தடியை ஓடை வழியாக இழுக்கக் கூடாது என்பவை அதில் இருக்கட்டும். ‘பாஸ் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்’ என்று சொல்லும் வியாபாரியைத் தவிருங்கள். இருபது சில்வர் ஓக்குக்கு அனுமதி வாங்கி, அதன் நடுவே ஓர் ஈட்டியை ஏற்றி அனுப்புவது இந்தத் தொழிலில் பழகிப்போன மோசடி. சோதனைச்சாவடியில் பிடிபட்டால் முதலில் தேடப்படுபவர் நில உரிமையாளர்.

தடியை வெளியே கொண்டுபோக வனத்துறையின் கடவுச்சீட்டு வேண்டும். ஊரில் டிரான்சிட் பாஸ் என்பார்கள். வெட்ட அனுமதி வேறு, கொண்டுபோக அனுமதி வேறு. வண்டி எண், மர வகை, தடிகளின் எண்ணிக்கை, செல்லும் இடம், நேரம் எல்லாம் சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். சொந்த அடுப்புக்கு விழுந்த காய்ந்த சுள்ளி பொறுக்குவதற்கு இந்தச் சிரமமெல்லாம் இல்லை. அறிவிக்கப்பட்ட தனியார் காட்டிலும் பட்டுப்போன, விழுந்த மரத்தை வீட்டுத் தேவைக்கு எடுக்கச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. லாரியில் ஏற்றினால் அந்த விலக்கு பேசாது.

தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக்கின் கிளையைக் கழிப்பது வழக்கமான வேலை. அதற்கும் ரேஞ்சருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டுத் தொடங்குவதே பாதுகாப்பு. தலையை வெட்டி மொட்டையாக்குவதும், பட்டையை வளையமாக உரிப்பதும், வேரில் அமிலம் ஊற்றுவதும் கிளை கழிப்பதில் சேராது. பட்டுப்போன மரம் என்று பிறகு விண்ணப்பிக்கலாம் எனச் சிலர் இதைச் செய்கிறார்கள். ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு உரித்த வளையம் முதல் பார்வையிலேயே தெரியும்.

உண்ணிச்செடியை அகற்றுவது

பெரும்பாலானோருக்கு உண்மையில் அகற்ற வேண்டியிருப்பது மரத்தை அல்ல, உண்ணிச்செடியை, அதாவது லாண்டானாப் புதரை. அன்னியக் களைச்செடிகளை அகற்றி நாட்டுக்காட்டை மீட்க வேண்டும் என்பது தமிழ்நாடு அரசின் 2022ஆம் ஆண்டுக் கொள்கையும்கூட. இதை வேகமாகச் செய்து கெடுப்பவர்களே அதிகம்.

தரைமட்டத்தில் அரிவாளால் வெட்டினால் அடுத்த மழையில் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். தீ வைத்தால் நாட்டுக் கன்று எல்லாம் கருகி, முதலில் முளைப்பது உண்ணியாகவே இருக்கும். தீ பக்கத்துக் காப்புக்காட்டுக்குப் போனால் அது தனிக் குற்றம். பலன் தரும் வழி வேரடியில் வெட்டுவது. தண்டைச் சுற்றி மண்ணைக் கொத்தி விலக்கி, ஆணிவேரை மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். துளிர் கிளம்பும் பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. வெட்டிய புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். தண்டு ஈரமண்ணைத் தொட்டால் அங்கேயே வேர்விடும். முதல் மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, பூத்துக் காய்ப்பதற்கு முன் செய்ய வேண்டும். காய் பிடித்துவிட்டால், புதரைச் சுத்தமான இடம் வழியாக இழுக்காதீர்கள்.

தொடங்கும் முன் புதருக்குள் எட்டிப் பாருங்கள். மான் கடிக்கு எட்டாமல் நாவல், பலா, வெண்தேக்குக் கன்றுகள் உள்ளே வளர்ந்திருக்கும். அவற்றில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய தண்டுக்கும் பயன் உண்டு. முதுமலை, கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணித் தண்டில் செய்த யானை உருவங்கள் வெளிநாடுவரை போயிருக்கின்றன.

எந்தத் திசையிலிருந்து வெட்டுவது என்பதில் உயிர் இருக்கிறது. வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்கிக் காட்டுப் பக்கமாகப் போக வேண்டும். உள்ளே படுத்திருக்கும் காட்டெருமையோ கரடியோ காட்டுக்குள் விலகிப்போக வழி இருக்கும். காட்டுப் பக்கமிருந்து தொடங்கினால் அது வீடுகளை நோக்கி ஓடும். வேலைக்கு முன் தகரம் தட்டிச் சத்தம் எழுப்பி, கால் மணி நேரம் விடுங்கள். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்குக்குப் பின்பும் வேண்டாம்.

முதல் ஆண்டு வீட்டையும் நடைபாதையையும் சுற்றி 10 முதல் 15 மீட்டர் மட்டும் அகற்றுங்கள். யானையைத் திடீரென்று பத்தடியில் சந்திக்கும் ஆபத்து அதிலேயே பெரிதும் குறையும். மீதியை ஆண்டுக்கு ஒரு துண்டாகச் செய்யுங்கள். அகற்றிய இடத்தில் உடனே நாட்டுப் புல்லும் கன்றும் போடாவிட்டால் உண்ணியோ சீமைக் கொன்றையோ மீண்டும் பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று ஆண்டுகள், பறவை உட்காரும் மரங்களின் அடியில் முளைக்கும் உண்ணிக் கன்றுகளைக் கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

வேலி

நிலத்தைச் சுத்தம் செய்ததும் வேலி போடத் தோன்றும். யானையின் தேய்ந்த தடம் நிலத்தின் ஊடே போகிறதென்றால், அந்தத் தடத்தை வெளியே விட்டு வேலியை உள்ளே இழுத்துப் போடுங்கள். தலைமுறையாக நடந்த வழியை அடைத்தால் யானை சுற்றிப்போகாது, உடைத்துக்கொண்டு போகும்; அடுத்த வீட்டுக்காரர் வாசலுக்கும் திரும்பலாம். காட்டோரத்தில் வாழையும் பலாவும் வைத்துவிட்டு யானை வருகிறதே என்று வருந்துவதிலும் பயனில்லை. அந்த ஓரத்தில் யானை தின்னாத தேயிலை போன்றவற்றை வையுங்கள்.

மின்வேலிக்கு 2023ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மின்வேலி விதிகள் பொருந்தும். அறிவிக்கப்பட்ட காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் புது வேலிக்கு வனத்துறையின் முன் அனுமதியும், பழைய வேலிக்குப் பதிவும் வேண்டும். விட்டுவிட்டுத் துடிக்கும் குறைந்த ஆற்றல் கொண்ட, தரச்சான்று பெற்ற சூரியசக்திக் கருவியை மட்டுமே பயன்படுத்தலாம். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது கொலை. யானையும் சாகும், மனிதரும் சாவார். கம்பிக்கு அடியில் புல் வளர்ந்து தொட்டால் மின்துடிப்பு மண்ணில் இறங்கி வேலி செத்துவிடும் என்பதால், ஒரு மீட்டர் அகலப் பட்டையை மாதம் ஒருமுறை கையால் செதுக்க வேண்டும். களைக்கொல்லி வேண்டாம்.

மரம் வீட்டின் மேல் சாய்ந்தால்

புயல் மழையில் மரம் சாய்ந்து உயிருக்கு ஆபத்து என்றால், வழக்கமான விண்ணப்பத்துக்குக் காத்திருக்க முடியாது. வட்டாட்சியரையும் ரேஞ்சரையும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லி, உடனே செய்தியாகவும் படங்களோடு அனுப்புங்கள். மரம் முழுவதும் தெரியும் படம், சாய்ந்த வேர்ப்பகுதி, வீட்டுக்கும் அதற்கும் உள்ள தூரம் என மூன்று படமாவது எடுங்கள். மரத்தை வெட்டி அகற்றும்வரை வீட்டை விட்டு விலகி இருங்கள். வெட்டிய பிறகு தடியை அங்கேயே வைத்திருங்கள். ஒரு துண்டும் விற்கவோ நகர்த்தவோ வேண்டாம். அடிமரத்தையும் தோண்டாதீர்கள். அவர்கள் வந்து பார்த்து, அளந்து, எழுத்தில் கொடுப்பதை மரப் பட்டியலோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். நிலத்தை நீங்கள் என்றாவது விற்றால், வாங்குகிறவருக்கு முதலில் கொடுக்க வேண்டியதும் அந்தக் கோப்புதான்.